கடைசி இடத்திலிருந்து ஒரு படி

ஐயா, அந்தச் செய்தித்தாளைச் சற்றுத் தாழ்த்திப் பிடியுங்கள். வெயில் நேராக உங்கள் முகத்தில் விழுகிறது. படிக்கக் கேட்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். இவ்வாண்டுப் பல்கலைக்கழகத் தரவரிசைதானே? பேருந்து புறப்பட்டதிலிருந்து பார்க்கிறேன், விரலை வைத்து வரிவரியாக இறங்கி வருகிறீர்கள்; வண்டி குலுங்கினால் விரல் தவறிவிடுகிறது; மறுபடியும் மேலிருந்து தொடங்குகிறீர்கள். மகனுக்கா, மகளுக்கா? மகளுக்கு. அப்படித்தான் நினைத்தேன். மகனுக்கு என்றால் முதல் வரியிலேயே விரல் நின்றிருக்கும்.

என் பெயர் அம்பலவாணன். திருநெல்வேலியில் கணிதப் பேராசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் தென்காசி வரை போகிறீர்கள். நான் நடுவிலேயே ஒரு விலக்கில் இறங்கிவிடுவேன். அதுவரை கேட்பீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன். உங்கள் கையிலிருக்கும் வரிசைக்கு அளவுகோலை வகுத்தவன் நான்.

பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமை பேசுகிறவன் நெற்றியில் திருநீறு நில்லாது என்று என் தகப்பனார் சொல்லுவார். நடந்ததைச் சொல்கிறேன்.

முன்பெல்லாம் இந்த வரிசையை எப்படிப் போட்டார்கள் தெரியுமா? நான்கு பெரிய மனிதர்களைக் கேட்பார்கள்: எந்தப் பல்கலைக்கழகம் சிறந்தது? அவர்கள் தாம் படித்ததைச் சொல்வார்கள். இல்லையேல் தமக்குப் பொன்னாடை போர்த்தியதைச் சொல்வார்கள். நீச்சல்குளம் இருந்தால் அதற்கு ஒரு மதிப்பெண். வாயிற்கோபுரம் உயரமாக இருந்தால் அதற்கும். இவற்றையெல்லாம் பார்த்து மனம் நொந்திருந்த காலத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு கல்வி அமைப்பினர் என்னைத் தேடி வந்தார்கள். நேர்மையான வரிசை ஒன்று வேண்டும், நீங்கள்தான் வகுத்துத் தர வேண்டும் என்றார்கள். நான் ஒரே ஒரு நிபந்தனை விதித்தேன். எவருடைய வாய்ச்சொல்லையும் கேளேன். எந்த வளாகத்திலும் காலடி வையேன். எண் மட்டுமே பேச வேண்டும்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இறைவனுக்கு வேண்டியவர் என்றும் வேண்டாதவர் என்றும் எவரும் இல்லை. இவ்வுலகில் அந்தக் குணத்தில் அவனுக்கு அருகில் நிற்பது எண் ஒன்றுதான். ஏழுக்கு உங்களைத் தெரியாது, என்னையும் தெரியாது. நாள்தோறும் விடியலில் நீராடி, ஒரு பதிகம் ஓதி, அதன் பின்னரே கணக்கில் கை வைப்பேன். அதை வழிபாடாகவே செய்தேன், ஐயா. வழிபாடாகவே செய்தேன்.

மூன்று அளவுகள் வைத்தேன். ஆசிரியர் எழுதிய ஆய்வுகள், அவற்றைப் பிறர் எத்தனை முறை எடுத்தாண்டார்கள் என்பது ஒன்று. முனைவர் பட்டம் பெற்ற ஆசிரியர் எத்தனை மாணவருக்கு ஒருவர் என்பது ஒன்று. மூன்றாவதுதான் என் நெஞ்சுக்கு நெருக்கமானது: சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் பெற்று வெளியேறினார்கள். கட்டடம் எத்தனை மாடியாக இருந்தால் என்ன? வந்த பிள்ளையைக் கரை சேர்த்தாயா என்பதல்லவா கேள்வி? பட்டம் பெற்றவர் தொகுதியில், சேர்ந்தவர் பகுதியில். மேலே ஓர் எண், கீழே ஓர் எண், நடுவே ஒரு கோடு. அவ்வளவுதான். குழந்தைக்கும் விளங்கும்.

என் தங்கைக்குத்தான் விளங்கவில்லை.

அகிலாண்டம் என்று பெயர். என்னிலும் பத்து வயது இளையவள். தாயும் தந்தையும் அடுத்தடுத்துச் சிவபதம் அடைந்த பின் நான்தான் அவளைப் படிக்கவைத்தேன். வேதியியல். மணம் வேண்டாம் என்றாள், விட்டுவிட்டேன். இதே சாலையில் பொன்னாச்சி மகளிர் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருந்தது. பீடிக் கம்பெனி முதலாளி ஒருவர் தம் தாயார் பெயரால் ஏற்படுத்தியது. பெயர்தான் பல்கலைக்கழகம், நான்கு கட்டடம், ஒரு கைப்பந்துத் திடல், நிறைய வேம்பு. படிக்க வந்த பெண்கள் பெரும்பாலும் பீடி சுற்றும் வீட்டுப் பெண்கள். விடிவதற்கு முன் தட்டு நிறையச் சுற்றி வைத்துவிட்டு, விரலில் புகையிலை வாசனையோடு வகுப்பில் வந்து அமர்வார்கள். அங்கே அவள் தன் வாழ்நாளைச் செலவிட்டாள். செலவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஓர் ஆய்வுக் கட்டுரைகூட எழுதவில்லை.

நான் சொல்லாமலில்லை. "ஒன்றாவது எழுது, அகிலா" என்பேன்.

"எழுதலாம்ணே. யாரு படிப்பா?"

"பிறர் எடுத்தாள வேண்டும்."

"சரி, நான் எழுதுதேன், நீங்க எடுத்து ஆளுங்க. பெறவு நீங்க எழுதுங்க, நான் ஆளுதேன். ரெண்டு பேரும் ஆண்டுக்கிட்டே இருப்போம்."

அப்படித்தான், எல்லாம் அவளுக்கு விளையாட்டு. ஆனால் நெல்லையப்பர் சந்நிதியில் தேவார முற்றோதல் என்றால் அவள் வேறு ஆள். ஞாயிறுதோறும் நாங்கள் இருவரும் சேர்ந்து ஓதுவோம். முன்னடி நான் எடுப்பேன், பின்னடி அவள் எடுப்பாள். எனக்கு எங்கேனும் ஓர் அடி மறந்துபோனால், மறந்தது அடுத்தவர் அறியாதபடி, மூச்சு விடும் இடைவெளிக்குள் எடுத்துக் கொடுத்துவிடுவாள். என் நினைவாற்றலைப் புகழாதவர் இல்லை அந்நாளில்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓதி முடித்துப் பிராகாரத்தில் அமர்ந்திருக்கும்போது கேட்டாள். "அண்ணே, ஒங்க வரிசையில எங்க எடத்தையும் சேக்கியளாமே?"

"எல்லாவற்றையும் சேர்க்கிறேன்."

"அந்த மூணாவது கணக்குதான் ஒதைக்கி. எங்க பிள்ளையள ரெண்டாம் வருசம் முடிஞ்ச கையோட கெட்டிக் குடுத்திருதாங்க. நாங்க பேர அடிக்கறதில்ல. பத்து வருசம் ஆனாலும் பேரு கெடக்கும். ரெண்டு பிள்ளையப் பெத்து, மாமியாகூட மல்லுக்கட்டி, என்னைக்காவது ஒருநா வந்து வாசல்ல நிப்பா. நிக்கும்போது பேரு இருக்கணும்லா?"

இதுதான் அவர்களுடைய வழக்கம், ஐயா. எங்கும் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். மற்றப் பல்கலைக்கழகங்களில் ஓராண்டு வராவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள். இங்கே நீக்குவதே இல்லை. முதலாளியின் தாயார் எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் பெயரால் நடக்கும் இடத்தில் ஒரு பெண்ணின் பெயரை அடிப்பது ஆகாது என்று தொடக்கத்திலேயே ஒரு விதியாம். பாருங்கள், விதியை உணர்ச்சியால் வகுத்தால் எங்கே கொண்டுபோய்விடும் என்று.

"எத்தனை பேர் அப்படித் திரும்பி வந்திருக்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"வாறவள எண்ணவா அண்ணே நான் உக்காந்திருக்கேன்? வந்தா உள்ள கூட்டிட்டுப் போவேன்."

கணக்கே வைக்கவில்லை, பாருங்கள். இருந்தாலும் தங்கையல்லவா, வழி ஒன்றை நானே காட்டினேன். "நீக்கிவிடு. திரும்பி வந்தால் புதிதாகச் சேர்த்துக்கொள். உங்கள் சதவீதம் தானாக ஏறிவிடும்."

"புதுசாச் சேரணும்னா மொத வருசத்துலேருந்து. எந்தப் புருசன் விடுவான்? இன்னும் ஒரு வருசம்தான், பேரு அங்கயே கெடக்குன்னு சொன்னாத்தான் அவன் சரிம்பான்."

"மற்றவர்கள் நீக்குகிறார்களே."

"அவுக அடிச்சிட்டுத்தான் நூத்துக்குத் தொண்ணூறுங்காக. அது நல்ல எடம், எங்களது மோசமான எடமா? நீங்க ஒரு தடவ வந்து பாருங்க அண்ணே. ஒரே தடவ. ஒரு வாய்க் காப்பி குடிச்சிட்டுப் போங்க."

போகவில்லை. போகலாமா? எந்த வளாகத்திலும் கால் வைப்பதில்லை என்று விரதம் பூண்டவன், தங்கை அழைத்தாள் என்று போனால் அந்த வரிசைக்கு என்ன மதிப்பு? நாடே கைகொட்டிச் சிரிக்காதா? காலம் கடந்து வருபவரையும் இறைவன் ஆட்கொள்வான் என்று நாள்தோறும் ஓதுகிறேனே என்று நீங்கள் கேட்கலாம். அவளும் அதைத்தான் கேட்டாள். அது அருள், இது புள்ளியியல். இரண்டையும் குழப்பலாகாது.

வரிசை வெளியாயிற்று. முதற்பக்கத்திலேயே போட்டார்கள். பொன்னாச்சி கடைசி.

அன்று நான் கோயிலுக்குச் சென்று கொடிமரத்தடியில் விழுந்து வணங்கினேன். எதற்கு என்று கேட்பீர்கள். என் சொந்த உடன்பிறப்பு பணிபுரியும் இடத்தையும் கடைசியில் வைக்கும் உறுதியைத் தந்தானே, அதற்கு. தெரிந்தவர்களெல்லாம் கையைப் பற்றிக்கொண்டார்கள். இப்படி ஒரு நடுவுநிலையைக் கண்டதில்லை என்றார்கள். அகிலா மட்டும் அடுத்த ஞாயிறு முற்றோதலுக்கு வரவில்லை. நான் தனியாகவே ஓதினேன்.

பிறகு நடந்தது நான் செய்ததன்று. பத்திரிகையைப் பார்த்துவிட்டுப் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பாமல் விட்டார்கள். பழைய முதலாளி காலமாகிவிட்டார். மகன்மாருக்கு இதில் நாட்டமில்லை. கடைசி இடம் என்று ஊர் சொல்லும் ஒன்றை ஏன் கட்டி அழ வேண்டும் என்று மூடிவிட்டார்கள். படித்துக்கொண்டிருந்தவர்களை வேறு இடங்களுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். வராமல் பெயர் மட்டும் இருந்தவர்களை? அவர்களை எங்கே மாற்றுவது? யாரென்று யாருக்குத் தெரியும்? எண் அங்கே என்ன செய்தது? கண்ணாடி முகத்தைக் காட்டிற்று. அவ்வளவே.

மூடிய சில மாதங்களுக்குப் பின் ஒரு நண்பகலில் அவளிடமிருந்து தொலைபேசி வந்தது. குரல் இயல்பாகவே இருந்தது.

"அண்ணே, சாப்பிட்டேளா?"

"ஆயிற்று. நீ?"

"இசக்கித்தாய்னு ஒரு பிள்ள, நான் சொல்லியிருக்கேனா? வேதியியல்ல அவள மாதிரி கை யாருக்கும் கெடையாது. ஒரு சொட்டு கூடாது, ஒரு சொட்டு கொறையாது. ரெண்டாம் வருசம் முடிஞ்சதும் கெட்டிக் குடுத்தாங்க, ஆறு வருசத்துக்கு முன்ன. இப்ப வந்தா. இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணு. வாசல் கேட்டு பூட்டிக் கெடக்கதப் பாத்துட்டு நேரா வீட்டுக்கு வந்துட்டா. 'டீச்சர், எம் பேரு இருக்குல்லா?'ன்னு கேட்டா."

நான் பெயரைக் குறித்துக்கொண்டேன்.

"புருசங்கிட்ட சத்தியம் வாங்கிட்டு வந்திருக்கா அண்ணே. ஒரு வருசம்தான் பாக்கின்னு சொல்லி. நான் என்ன சொல்லட்டும்?"

"வேறு பல்கலைக்கழகத்தில்..."

"ஆறு வருசம் விட்டவள எவன் சேப்பான்? சேத்தா அவன் கணக்கு கெட்டுப்போகும்லா." அவள் பக்கத்தில் குழந்தை ஒன்று சிணுங்கிற்று. அந்தப் பெண் அப்போது அங்கேயே அமர்ந்திருந்தாள் போலும். பிறகு அகிலா கேட்டாள்: "அண்ணே, ஒங்க கணக்குல இவ எங்க இருக்கா? அத மட்டும் சொல்லுங்க."

கேட்டதற்கு விடை சொன்னேன். துல்லியமான கேள்விக்குத் துல்லியமான விடை. "பகுதியில், அம்மா. கோட்டுக்குக் கீழே" என்றேன்.

அவள் வைத்துவிட்டாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

நீங்களே சொல்லுங்கள், இதில் என் பிழை என்ன? மேலே என்று சொல்லியிருக்க முடியுமா? அந்தப் பெண் பட்டம் பெறவில்லையே. பொய் சொல்லியிருந்தால் தங்கை இன்று என்னோடு பேசுவாள். பொய் சொல்லத் தெரியாதவனுக்கு இந்த உலகத்தில் உறவு நிற்பதில்லை. இதுதான் என் மனக்குறை. வேறொன்றுமில்லை.

இப்போது மாதந்தோறும் போகிறேன். அவள் அங்கேதான் இருக்கிறாள், பூட்டிய வளாகத்துக்கு எதிர்வீட்டில். நகரத்துக்கு வந்துவிடு என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினேன். வரமாட்டேன் என்றாளாம். இன்னும் அவ்வப்போது யாரேனும் ஒருத்தி பையும் பிள்ளையுமாக வந்து நிற்கிறாளாம். மூடிவிட்டார்கள் என்பதை அவளிடம் ஒரு மனிதர் வாயால் சொல்ல வேண்டாமா என்கிறாளாம். அதற்காகவே இருக்கிறாள். இல்லை என்று சொல்வதற்காக ஒருவர் ஓர் ஊரில் தங்கியிருப்பதை எந்த அளவீட்டில் சேர்ப்பது?

வளாகத்தில் இப்போது காற்றாலை இறக்கைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். நீங்களே பார்ப்பீர்கள், சாலையிலிருந்து தெரியும். கைப்பந்துத் திடலின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நீளும் வெள்ளை இறக்கைகள், புல்லில் படுத்துக் கிடக்கின்றன.

நான் போய்க் கதவைத் தட்டுவேன். திறக்கமாட்டாள். ஆனால் சன்னல் திட்டில் ஒரு செம்பு தண்ணீர் வைத்திருப்பாள். ஒவ்வொரு முறையும். நான் வரும் நாள் அவளுக்குத் தெரியும். குடித்துவிட்டு, என் உறையைத் திட்டில் வைத்துவிட்டு வருவேன். அடுத்த மாதம் போகும்போது உறை வைத்தபடியே இருக்கும். எடுத்து வந்து, மேலும் செம்மைப்படுத்தி, மறுபடியும் கொண்டுபோவேன்.

உறையில் என்னவா? அதைத்தானே சொல்ல வந்தேன். இதோ, இந்தப் பையில் இருக்கிறது. மறுகணக்கு.

கடைசி இடம் என்பது அவள் மனத்தைப் புண்படுத்திவிட்டது என்று நான் உணராமலில்லை. அதனால் அவ்வாண்டு வரிசையை மீண்டும் எடுத்து, எங்கேனும் நியாயமாக ஓர் இடம் கிடைக்குமா என்று பார்த்தேன். மூன்று ஆண்டுகள் பார்த்தேன். கண்டேன், ஐயா! பெயர் நீக்காத அந்தப் பெண்களில் சிலர் வரிசை வெளியாவதற்கு முன்பே இறந்துபோயிருந்தார்கள். பிள்ளைப்பேற்றில் சிலர், மஞ்சள் காமாலையில் சிலர், இன்னும் வேறு வகையில். இறந்தவர் உரிய காலத்தில் பட்டம் பெறவில்லை என்று கணக்கிடுவது அறமாகாது. அவர்களைப் பகுதியிலிருந்து கழித்துவிடலாம். ஊர் ஊராக எழுதி, இறப்புச் சான்றிதழ் வாங்கி, ஒவ்வொருத்தியாகக் கழித்தேன். விடியலில் பதிகம் ஓதிவிட்டு அமர்வேன். ஒவ்வொருத்தியைக் கழிக்கும்போதும் சதவீதம் ஒரு மயிரிழை ஏறும். கடைசியில், போன வாரம்தான், பொன்னாச்சி ஒரு படி மேலே வந்துவிட்டது. இப்போது அது கடைசியன்று. கடைசிக்கு முந்தியது.

இதை அவள் படித்தால் போதும்.

என்ன கேட்கிறீர்கள்? அந்த இசக்கித்தாயா? அவளையும் தேடினேன். அவளும் இறந்துவிட்டாள். ஆனால் அவளைக் கழிக்க இயலவில்லை. வரிசை வெளியான பின், தங்கையைப் பார்த்துவிட்டுப் போன அதே மாதத்தில் இறந்திருக்கிறாள். சான்றிதழோடு வந்த கடிதத்தில் காரணமும் எழுதியிருக்கும். நான் அந்த இடத்தைப் பார்க்கவில்லை. எனக்குத் தேவை தேதி மட்டுமே. கணக்கெடுத்த நாளில் உயிரோடு இருந்தவள் கணக்கில் இருந்தாக வேண்டும். தங்கைக்குப் பிடித்த பெண் என்று ஒருத்திக்கு மட்டும் விதியைத் தளர்த்தினால் மற்றவர்களுக்கு என்ன பதில் சொல்வேன்? அவள் இன்றும் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறாள். அதையும் ஒளிக்காமல் அடிக்குறிப்பில் எழுதியிருக்கிறேன், பெயரோடு, தேதியோடு. அவள் இறந்தது அகிலாவுக்குத் தெரியுமோ, தெரியாதோ. தெரியாவிட்டால் இதில் தெரிந்துகொள்வாள்.

ஏன் ஐயா முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள்? வெயிலா? திரையை இழுத்துவிடவா?

உங்கள் மகளைப் பற்றிச் சொல்லுங்கள். நான் பாட்டுக்கு என் கதையையே பேசிக்கொண்டு வருகிறேன். அப்படியா. தாயார் படுக்கையில் விழுந்ததால் இரண்டாம் ஆண்டோடு நின்றுவிட்டாள். எத்தனை ஆண்டாயிற்று? ஓ. இப்போது தாயார் இல்லை. மகள் மறுபடி படிக்க வேண்டும் என்கிறாள். நல்ல பெண். விட்ட இடத்திலிருந்து சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகம் இதில் எது என்றுதான் விரல் வைத்துத் தேடி வந்தீர்களா?

மறைக்காமல் சொல்கிறேன். அந்தப் பக்கத்தில் அப்படி ஒன்று இல்லை. மேலே உள்ளவை சேர்க்கா; மேலே வர விரும்புகிறவையும் சேர்க்கா. இடையில் விட்டவரைச் சேர்த்தால் சதவீதம் இறங்கும் என்று இப்போது எல்லாரும் அறிந்துகொண்டார்கள். அஞ்சல்வழியில் எழுதச் சொல்லிப் பாருங்கள். சேர்த்துக்கொண்ட இடம் ஒன்று இருந்தது. ஆனால் அது தரவரிசையில் கடைசி. இருந்திருந்தாலும் உங்களுக்கு நான் அதைப் பரிந்துரைத்திருக்க மாட்டேன்.

அதோ, நடத்துநர் வருகிறார். நமக்குப் பழக்கமானவர்.

"சார்வாள், ஒங்க எடம் வந்தாச்சு. றெக்கைக் குடோன் எறங்குங்க! சார்வாளத் தவிர இங்க எறங்க ஒரு சீவன் கெடையாது. எறங்குனா உள்ள விடுதாங்களா, இல்ல வாசலோடதானா?"

அவர் அப்படித்தான் கேலி பேசுவார். தங்கமான மனிதர்.

அந்தப் பையைச் சற்று எடுத்துக் கொடுங்கள். உறை மடங்கிவிடாமல். நன்றி. ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் ஓதுகிறேன், தெரியுமா? ஒரு பதிகத்தில் ஓர் அடி வரும் இடத்தில் நின்றுபோகிறேன். ஒவ்வொரு வாரமும் அதே இடத்தில். மூச்சு விடும் நேரம் காத்திருக்கிறேன், யாரும் எடுத்துக் கொடுப்பதில்லை. அதைவிட்டுவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுகிறேன். இன்று அவளிடம் அதையும் கேட்டுவிட வேண்டும்.

வருகிறேன், ஐயா. மகளை நான் கேட்டதாகச் சொல்லுங்கள். அகிலா தண்ணீர் வைத்திருப்பாள், அதில் ஐயமில்லை. கதவும் இன்று திறந்துவிடும். இரண்டாம் தசமம் வரை சரிபார்த்திருக்கிறேன், ஓரிடத்திலும் தவறில்லை. பிறகு ஏன் திறக்காது, சொல்லுங்கள்?